டாக்டர் வாசல் வரை ஒரு துணை

கல்லூரிகளில் சக மாணவர்களிடம் உடல்நலம், மனநலம் பற்றிப் பேசிவரும் மாணவர் குழுக்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பொதுநல மருத்துவர் பதில் தருகிறார்.

கேள்வி: பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்களில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து ஆரோக்கியக் குழு அமைத்திருக்கிறார்கள். மற்ற மாணவிகளிடம் சத்துணவு, மாதவிடாய், மனநலம் பற்றியெல்லாம் நாங்கள் பேச வேண்டுமாம். அறிவியலே படிக்காத நான் எந்தத் தகுதியில் பேசுவது?
– வாசகி, திருச்சி

பதில்: அவர்களோடு ஒரே விடுதியில் இருக்கிறீர்களே, அந்தத் தகுதி போதும். காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது யார், மாதாமாதம் வயிற்று வலியால் சுருண்டு படுப்பது யார், ராத்திரியெல்லாம் விழித்திருப்பது யார் என்பதெல்லாம் அறைத்தோழிக்குத்தான் முதலில் தெரியும். அம்மாவிடம் சொன்னால் பதறுவார், வார்டனிடம் சொன்னால் வீட்டுக்குப் போன் போகும், டாக்டரிடம் போகவோ கூச்சம். பல பெண்கள் இப்படியே மாதக்கணக்கில் நாளைக் கடத்திவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்க உங்களால் முடியும்.

ஒரு மாணவியின் துணிச்சல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று உண்டு. எச்.ஐ.வி. நம் நாட்டுக்கு வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துவந்த நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ரத்த மாதிரிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்த சோதனையில் தொற்று தெரியவந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், இப்படித்தான். மாணவி தேடிப் போனார், பேராசிரியர் வழி காட்டினார், ஆய்வகம் உறுதி செய்தது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்தார்கள்.

உங்கள் வேலை மூன்று: காதுகொடுத்துக் கேட்பது, சரியான தகவலைச் சொல்வது, தேவையானால் டாக்டர் வாசல் வரை கூடவே போவது. “இது இன்ன நோய்தான்” என்று பெயர் சூட்டாதீர்கள். எந்த மாத்திரையையும் சிபாரிசு செய்யாதீர்கள். தெரியாததைக் கேட்டால், “விசாரித்துச் சொல்கிறேன்” என்று சொல்லி, மறக்காமல் விசாரித்துச் சொல்லுங்கள். அந்த ஒரு பழக்கத்திலேயே உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் செஞ்சுருள் சங்கத்தின் செயலாளராக இருக்கிறேன். டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று பேரணி, உறுதிமொழி, கோலப்போட்டி என்று அமர்க்களப்படும். பிறகு அடுத்த டிசம்பர் வரை ஒன்றுமில்லை. கூட்டம் போட்டாலும் அட்டெண்டன்ஸுக்காகத்தான் வருகிறார்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்பதில்லை.
– வாசகர், கோவை

பதில்: அவர்களுக்குக் கேள்விகள் நிறையவே இருக்கின்றன. நானூறு பேர் நடுவில் எழுந்து நின்று, “சார், இந்த மாதிரி அரிப்பு இருந்தால் என்ன?” என்று எந்தப் பையன் கேட்பான்?

கூட்டத்தைச் சிறிதாக்குங்கள். விடுதியில் ஒரு தளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர், முக்கால் மணி நேரம், ஒரே ஒரு தலைப்பு. எல்லோருக்கும் ஒரே அளவு துண்டுச்சீட்டும் ஒரே மாதிரிப் பேனாவும் கொடுங்கள். கேள்வி இருப்பவர்கள் எழுதட்டும். இல்லாதவர்கள், “கேள்வி இல்லை” என்று எழுதட்டும். எல்லோரும் எதையாவது எழுதிப் பெட்டியில் போட்டால், யார் எதைக் கேட்டார் என்று யாருக்கும் தெரியாது. பெட்டியைத் திறந்தால், வாயால் வராத கேள்விகள் சீட்டில் வந்திருக்கும். சுய இன்பம், ஆணுறை, தாமதமான மாதவிடாய், கஞ்சா என்று எதைப் பற்றியும் இருக்கலாம். ஒரு சீட்டையும் கேலி செய்யாதீர்கள். பதிலை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமோ நம்பிக்கை மைய ஆலோசகரிடமோ கேட்டு வாங்கி, அடுத்த வாரமே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

எச்.ஐ.வி. சந்தேகம் உள்ள எவருக்கும் மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். ஒருவரின் சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும், முடிவை வெளியே சொல்வதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. பேரணியில் பிடிக்கும் பதாகையைவிட இந்த மூன்றும்தான் மாணவனுக்குப் பயன்படும்.

கேள்வி: எங்கள் விடுதியில் காலை வழிபாட்டின்போது அடிக்கடி யாராவது மயங்கி விழுகிறார்கள். ரத்தசோகை என்கிறார்கள். குழு சார்பில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கி எல்லோருக்கும் கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: உங்கள் அக்கறை மிகச் சரியானது. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆனால் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். மயக்கத்துக்குப் பட்டினியும் காரணமாக இருக்கலாம். ரத்தசோகையே ஆனாலும் அதிக உதிரப்போக்கு, குடற்புழு, பி12 குறைவு, பரம்பரை ரத்தக் குறைபாடு என்று காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி ஒரு ஹீமோகுளோபின் முகாமுக்கு ஏற்பாடு செய்யுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரை யாருக்கு, எவ்வளவு நாள் என்பதை டாக்டர் சொல்வார்.

மாத்திரை கைக்கு வந்த பிறகுதான் உங்கள் வேலை சூடுபிடிக்கும். பலர் நான்கே நாளில் நிறுத்திவிடுவார்கள். மலம் கறுப்பாகப் போகும், வயிறு புரட்டும், பயந்துவிடுவார்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வயிற்றுப் புரட்டல் தாங்க முடியவில்லை என்றால், நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்து மெஸ்ஸைக் கவனியுங்கள். பொங்கலைச் சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் காபி, அந்தக் காபியிலேயே மாத்திரையும் உள்ளே போகும். காபியும் டீயும் இரும்புச்சத்தை உடல் ஏற்க விடாமல் தடுப்பவை. குறைந்தது ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சைச் சாறு போன்றவற்றோடு சாப்பிட்டால் சத்து நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, கம்பு, எள், கொண்டைக்கடலை, அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டு ஈரல் ஆகியவற்றை வாரப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி வார்டனிடம் குழுவாகப் போய்க் கேளுங்கள். பீட்ரூட் நல்ல காய்தான். ஆனால் சிவப்பாக இருப்பதாலேயே அது ரத்தத்தைக் கூட்டிவிடாது.

கேள்வி: என் அறைத்தோழன் சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, வகுப்புக்கும் வருவதில்லை. நேற்று, “நான் இருந்து என்ன ஆகப்போகிறது” என்றான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பதில்: இதைப் படித்த உடனே அவனிடம் போய் உட்காருங்கள். “சாகணும்னு தோணுதாடா?” என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று தவிப்பவனுக்கு அது ஆறுதலாகவே இருக்கும். “உனக்கென்னடா குறை” என்றோ, “வீட்டை நினைத்துப் பார்” என்றோ புத்தி சொல்லாதீர்கள். அவன் பேசட்டும், நீங்கள் கேளுங்கள்.

ஆம் என்றால் அவனைத் தனியாக விடாதீர்கள். ஆபத்தானவை எதுவும் கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்றே வார்டனிடமோ, நம்பும் ஆசிரியரிடமோ, அவன் வீட்டில் பொறுமையாகக் கேட்கக்கூடிய ஒருவரிடமோ சொல்லுங்கள். சத்தியத்தை மீறுகிறோமே என்று வருந்தாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் கிடையாது. “உன்னை இழக்க எனக்கு மனசில்லை, அதனால் சொல்லப்போகிறேன்” என்று அவனிடமே சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் மனநல ஆலோசனை கிடைக்கும். 104 எண்ணிலும் பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. போலீஸ், கேஸ் என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்.

கேள்வி: ஒரு வருடமாகக் குழுவில் இருக்கிறேன். எல்லோர் கஷ்டத்தையும் கேட்டுக் கேட்டு எனக்கே தூக்கம் வருவதில்லை. விலகிவிடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கொஞ்ச நாள் ஒதுங்கி இருங்கள். அதில் ஒரு தவறும் இல்லை. திரும்பி வரும்போது சில ஏற்பாடுகளைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரச்சினையையும் தனியாகச் சுமக்காமல் இரண்டிரண்டு பேராகப் பார்ப்பது, வாரம் ஒருமுறை பெயர் சொல்லாமல் பொறுப்பாசிரியரிடம் மனம்விட்டுப் பேசுவது, இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் போனுக்குப் பதிலாக 14416ஐக் கொடுப்பது. தூக்கமின்மை தொடர்ந்தால் நீங்களும் டாக்டரைப் பாருங்கள், ஒரு தோழியைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் உதவும் ஒருவர் சிகிச்சையில் சேர்ந்த பிறகு, அவர் குணமாவது மருத்துவரின் பொறுப்பு. அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த அன்றே உங்கள் கடமையை நீங்கள் முழுமையாகச் செய்துவிட்டீர்கள்.