சாரதியின் நித்திரை

விமான நிலையத்திலிருந்து வாடகை வாகனம் பிடிப்பதைப் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளெல்லாம், போய்ச் சேரவேண்டிய நகரம் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்துவிடும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. கட்டுநாயக்கவில் இறங்கிக் கொழும்புக்குப் போகிறவருக்கு அவை பொருந்தும். 2013 இல் திறக்கப்பட்ட அதிவேகப் பாதை அவரை அரை மணித்தியாலத்தில் பேலியகொடையில் சேர்த்துவிடுகிறது. வன்னியில் குடியிருக்கும் எங்களுக்கோ, அதே வாசலைத் தாண்டிய பின்னர் வவுனியாவுக்கு ஏறக்குறைய 230 கிலோமீற்றரும், கிளிநொச்சிக்கு அதன் மேல் இன்னும் ஓர் எண்பதும் பாக்கி இருக்கின்றன. வளைகுடா நாடுகளின் வழியாக வரும் விமானங்களிற் பல நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் இறங்குவதால், ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாத இந்தப் பிரயாணம் அகாலத்தில் ஆரம்பிக்கிறது என்பது இதன் இன்னொரு விசேஷம்.

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் உறவினரை அழைத்துவரவும், திரும்ப ஏற்றிவிடவும் பல வருஷங்களாகப் போய்வந்ததில் எனக்கு ஏற்பட்டிருக்கும் முதலாவது அபிப்பிராயம், வாகனத்தைச் சொந்த ஊரிலேயே பேசிக்கொள்வது உத்தமம் என்பதாகும். விமான நிலைய வாசலில் பிடிக்கும் வாகனத்தின் சாரதி, எங்களை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பவேண்டியவர். ஆகையால் இரண்டு வழிக்கும் சேர்த்தே காசு கேட்பார், அது நியாயமுந்தான். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு குளக்கட்டின் ஓரமாகத் திரும்பவேண்டிய ஒழுங்கையை அவருக்கு இருட்டில் விளங்கப்படுத்துவது வேறு சிரமம். ஊர் வானும் ஒரு வழி வெறுமையாகத்தான் ஓடும். ஆனால் அதே நாளில் வெளிநாடு போகும் ஒருவரை ஏற்றிச் செல்லும் வான் எது என்று நாலு பேரிடம் விசாரித்தால், 'ரிட்டேர்ண் ஹயர்' அகப்பட்டுவிடும். இரண்டு குடும்பங்களும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம், சாரதிக்கும் நஷ்டமில்லை.

பேசும்போது எல்லாவற்றையும் பேசிவிடவேண்டும்: விமானம் தாமதித்தால் காத்திருப்புக்கு என்ன, வாகனத் தரிப்புக் காசு யாருடையது, மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவுப் பக்கம் உள்ளே போவதற்கு மேலதிகம் உண்டா என்பன. எரிபொருளுக்கு முற்பணம் கொடுத்து, மிகுதியை வீட்டு வாசலில் கொடுப்பது ஊர் வழக்கம். ஆளுக்கு இரண்டு சூட்கேஸ் என்று கணக்கிட்டே வாகனத்தின் அளவைத் தீர்மானிக்கவேண்டும்; மாரி காலமாயின், கூரையில் ஏற்றும் பொதிகளுக்குப் படங்கு இருக்கிறதா என்றும் கேட்டுவைப்பது நல்லது. வரவேற்க எத்தனை பேர் போகலாம் என்ற விஷயத்தை நான் இங்கே பிரஸ்தாபிக்கப் போவதில்லை. அத்தை முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு அவரை இறங்கச் சொல்லும் தைரியம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை.

இத்தனையும் பேசுகிற நாங்கள், இவை எல்லாவற்றிலும் பெரியதான ஒன்றைப் பேசாமல் விட்டுவிடுகிறோம். ஒருமுறை புறப்படுவதற்கு முன் சாரதியிடம், "தம்பி, கடைசியா எப்ப நித்திரை கொண்டனீர்?" என்று கேட்டேன். "முந்தநாள் இரவு, ஐயா. நேற்றும் ஒரு எயார்போட் ஹயர்" என்று அவர் மிக இயல்பாகச் சொன்னார். பகல் முழுவதும் தெற்கே ஓடி, வாகனத் தரிப்பிடத்தில் அரைக்கண் மூடி, இரவோடிரவாக வடக்கே திரும்பும் ஒரு மனிதன், கூலியில் ஆயிரம் ரூபாயைக் குறைத்துக்கொண்டதற்காக நாங்கள் சந்தோஷப்படுவது எவ்வளவு பேதைமை! விமான நிலையத்திலிருந்து திரும்பிய வான் அதிகாலையில் லொறியோடு மோதிய செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். ஆகையால் அன்றிலிருந்து, மாறி ஓட்ட இன்னொரு சாரதி வரவேண்டும், அல்லாவிடில் பகலிலேயே நீர்கொழும்புக்குப் போய் அவர் நாலைந்து மணித்தியாலமாவது படுத்தெழும்ப வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்து, அதற்கான அறைச் செலவையும் நானே ஏற்றுக்கொள்கிறேன். வழியில் அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தூங்காமல் சம்பாஷித்துக்கொண்டு வருவதும் அவசியம்.

வழி இரண்டு. சிலாபம், புத்தளம் என்று கடற்கரைப் பக்கமாகப் போய், அநுராதபுரத்தால் மதவாச்சிக்கு ஏறுவது ஒன்று. குருநாகல், தம்புள்ளையால் வருவது மற்றது. மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையில் 2022 இல் அதிவேகப் பாதை திறந்தபின் இரண்டாவது வழி இலகுவாயிற்று. புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில், வில்பத்துக் காட்டை அடுத்த பகுதியில், இரவில் யானை வீதிக்கு வரும். அங்கே வேகம் ஆகாது. வவுனியாவைத் தாண்டியதும் ஏ-9 வீதியில் யானைக்குப் பதிலாகக் கட்டாக்காலி மாடுகள். சூடான தாரில் படுத்துப் பழகிய அவை, ஹோர்ன் அடித்தாலும் எழும்புவதில்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எந்த வாகனமும் நின்றே போகும். தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் அந்தப் பத்து நிமிஷம், பக்தியில்லாத சாரதிக்கும் முகம் கழுவிக்கொள்ள உதவுகிறது.

யுத்த காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கி, புளியங்குளத்தில் மறுபடியும் சோதனைக்கு நின்றவர்களுக்கு, ஒரே வாகனத்தில் வீட்டு வாசல்வரை வருவது இன்னும் அதிசயமாகவே இருக்கிறது. என் தலைமுறையினர் பலர் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்தபடியே ஓமந்தையைக் கடக்கிறார்கள். வெளிநாடு போகிறவரும் அவ்விடத்தில் கடவுச்சீட்டைத் தொட்டுப் பார்ப்பது புத்தி. அங்கிருந்து திரும்பி ஓடி எடுத்துவரலாம், புத்தளத்தில் நினைவு வந்தால் விமானம் போய்விடும்.

ஒரே பையோடு தனியாக வருகிறவருக்கு ஹயர் வேண்டியதில்லை. புத்தளம் வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஓடும் இரவுப் பேருந்துகளை நீர்கொழும்பில் மறித்து ஏறலாம். சென்னையிலிருந்து வருகிறவருக்கு, 2019 இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலி இருக்கிறது. அங்கிருந்து கிளிநொச்சி இரண்டு மணித்தியாலத்துக்குட்பட்ட வழி.

கடல் கடந்து வாழும் உறவினருக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் விமானச் சீட்டு எடுக்கும்போது, நள்ளிரவில் இறங்கும் விமானமும் காலையில் இறங்கும் விமானமும் இருக்குமாயின், கொஞ்சம் விலை கூடினாலும் காலையில் இறங்குவதையே எடுங்கள்.