பட்டாணி அளவுச் சுரப்பி

நுழையும்முன்

அறிவியல் உண்மைகளை முடிந்த முடிவுகளாகவே நாம் படிக்கிறோம். அம்முடிவுகளை எட்டும்முன் நேர்ந்த பிழைகளும் திருத்தங்களும் நம் பார்வைக்கு வருவது அரிது. ஒரே சுரப்பியை ஆராய்வதில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளைச் செலவிட்ட உயிர்வேதியியலாளர் சோ ஹாவ் லீயின் வாழ்க்கை, அவற்றையும் நமக்குக் காட்டுகிறது.

சிறு சுரப்பி, பெரும்பணி

மூளையின் அடிப்பகுதியில், மண்டையோட்டு எலும்பின் சிறு குழியொன்றில் அமைந்துள்ளது பிட்யூட்டரிச் சுரப்பி. பட்டாணி அளவே உள்ள இதன் எடை ஏறத்தாழ அரை கிராம். ஆயினும், உடல் வளர்ச்சியையும் தைராய்டு, அட்ரீனல், இனப்பெருக்கச் சுரப்பிகளின் செயல்பாட்டையும் இது நெறிப்படுத்துகிறது. இதிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் போதிய அளவு சுரக்காவிடில் குழந்தையின் உயரம் தடைபடும்.

தயங்கித் திறந்த கதவு

லீ 1913-இல் சீனாவின் குவாங்சோ நகரில் பிறந்தார். நான்கிங் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றபின், மேற்படிப்புக்காக 1935-இல் அமெரிக்கா சென்றார். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் முதலில் அவருக்கு இடமளிக்கவில்லை. அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையைக் கண்ட பின்னரே, தகுதிகாண் முறையில் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1938-இல் முனைவர் பட்டம் பெற்ற லீ, ஹெர்பர்ட் எவன்சு என்னும் அறிஞரின் ஆய்வு நிறுவனத்தில் இணைந்து பிட்யூட்டரி ஆய்வைத் தொடங்கினார்.

ஒரு சுரப்பியில் மிகச் சிறிதளவே ஹார்மோன் இருக்கும். எனவே விலங்குகளின் சுரப்பிகளை ஏராளமாகத் திரட்டி, அரைத்து, கரைத்து, வேண்டாத புரதங்களைப் படிப்படியாக நீக்க வேண்டும். இவ்வாறு உழைத்து, அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனை 1943-இலும், மாட்டின் வளர்ச்சி ஹார்மோனை 1944-இலும் லீயும் அவருடைய குழுவினரும் பிரித்தெடுத்தனர்.

மனிதருக்கு மனித ஹார்மோனே

மாட்டின் கணையத்திலிருந்து பெற்ற இன்சுலின் மனிதருக்குப் பயன்பட்டது. ஆனால், மாட்டின் வளர்ச்சி ஹார்மோனோ மனிதரிடம் பயன் தரவில்லை. 1956-இல் மனித வளர்ச்சி ஹார்மோனைத் தூய நிலையில் பிரித்தெடுத்த லீ, அதன் அமைப்பு மாட்டின் ஹார்மோனிலிருந்து வேறுபடுவதைக் காட்டினார். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான மருந்தை இறந்தோரின் பிட்யூட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அது மிகச் சிலருக்கே கிடைத்தது. இத்தட்டுப்பாடு நீங்க, ஹார்மோனின் அமைப்பை அறிந்து அதனை ஆய்வகத்தில் உருவாக்குவதே வழி எனக் கருதப்பட்டது.

பிழையும் திருத்தமும்

மனித வளர்ச்சி ஹார்மோன் 188 அமினோ அமிலங்களால் ஆனது என்று 1966-இல் லீயின் குழு அறிவித்தது. அவ்வரிசையின்படி 1970-இல் ஹார்மோனைச் செயற்கையாகத் தொகுத்தும் காட்டியது. உலகம் வியந்து பாராட்டியது. ஆனால், தொகுத்த பொருளில் இயற்கை ஹார்மோனின் ஆற்றலில் சிறு பகுதியே இருந்தது. 1971-இல் ஹியூ நைல் என்னும் ஆய்வாளர், வெளியிடப்பட்ட வரிசையில் பிழை இருப்பதைச் சுட்டினார். புகழின் உச்சியில் இருந்த லீ, தம் முடிவை மறுஆய்வு செய்து, திருத்திய வரிசையை அதே ஆண்டில் தாமே வெளியிட்டார். அந்த ஹார்மோனில் உள்ளவை 191 அமினோ அமிலங்கள் என்பது பின்னர் உறுதியாயிற்று.

ஒட்டகம் தந்த வியப்பு

கொழுப்பைக் கரைக்கும் தன்மையுடைய பீட்டா-லிப்போட்ரோபின் என்னும் பொருளை லீ 1960-களில் ஆட்டின் பிட்யூட்டரியில் கண்டிருந்தார். பின்னர் அதனை ஒட்டகத்தின் பிட்யூட்டரியிலும் தேடினார். தேடிய பொருள் கிடைக்கவில்லை. அதன் இறுதிப் பகுதியான 31 அமினோ அமிலத் தொடர் மட்டும் கிடைத்தது. அதன் சிறப்பு அப்போது விளங்கவில்லை. மூளையிலேயே வலிநீக்கும் பொருள்கள் உள்ளன என்று 1975-இல் பிறர் கண்டறிந்தனர். அப்பொருள்களுள் ஒன்றின் வரிசை, லீயின் தொடரின் தொடக்கத்தில் அமைந்திருந்தது. உடனே அவர் தம் தொடரை மீண்டும் சோதித்தார். மார்ஃபினைப் போல் வலியைத் தணிக்கும் பீட்டா-எண்டார்ஃபின் 1976-இல் உலகுக்கு அறிமுகமானது.

தொடரும் பயன்

1985-இல், இறந்தோரிடமிருந்து எடுத்த ஹார்மோனைப் பெற்றவர்களுள் சிலருக்குக் கொடிய மூளைநோய் நேர்ந்தது தெரியவந்து, அமெரிக்காவில் அதன் வழங்கல் நிறுத்தப்பட்டது. மரபணுப் பொறியியல் முறையில் பாக்டீரியாவைக் கொண்டு உருவாக்கிய ஹார்மோனுக்கு அவ்வாண்டே அங்கு ஒப்புதல் கிடைத்தது. குழந்தைகளுக்கு வேண்டிய மருந்து, இறந்தோரை எதிர்பாராமல் கிடைக்கும் காலம் பிறந்தது. அதனைக் கண்டபின், 1987-இல் லீ மறைந்தார்.

தம் பிழையைத் தாமே திருத்தி வெளியிட்டதும், பொருள் விளங்காத முடிவைப் புறக்கணிக்காமல் காத்து வைத்ததும் லீயின் ஆய்வு வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடங்கள்.

தெரிந்து தெளிவோம்

'ஹார்மோன்' என்னும் சொல்லை 1905-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் பயன்படுத்தினார். 'தூண்டுதல்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. தமிழில் இதனை 'இயக்குநீர்' என்றும் வழங்குவர்.

கற்பவை கற்றபின்

1. முதலில் தவறாகக் கருதப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட அறிவியல் முடிவு ஒன்றைப் பற்றி வகுப்பில் உரையாற்றுக.
2. நாளமில்லாச் சுரப்பிகளையும் அவற்றின் பணிகளையும் அட்டவணைப்படுத்துக.