ஏர்சாஃப்ட் களத்தில் கண்ணுக்கு எது காவல்?

ஏர்சாஃப்ட் துப்பாக்கியிலிருந்து வருவது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிளாஸ்டிக் உருண்டை. எடை பெரும்பாலும் 0.20 கிராமிலிருந்து 0.40 கிராம் வரை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இருப்பதாகத் தோன்றாது. தோலில் பட்டால் சிவந்து தடித்து, சில நாளில் ஆறிவிடும். கண்ணைப் பொறுத்தவரை இந்தச் சின்ன அளவுதான் ஆபத்து. கண்குழியின் வாய் சுமார் 4 செ.மீ. அகலம். கிரிக்கெட் பந்து முகத்தில் மோதினால் அடியின் பெரும்பகுதியைக் கண்குழியைச் சுற்றியுள்ள எலும்பு வாங்கிக்கொள்ளும். 6 மி.மீ. உருண்டையை அந்த எலும்பு தடுக்காது. அது நேராக விழியில் போய்த் தைக்கும். கண்ணின் முன்னறையில் ரத்தம் தேங்குவது, விழித்திரை வீங்குவது, லென்ஸ் இடம்பெயர்வது, இளம் வயதிலேயே கண்புரை, அடி ஆறிப் பல ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும் கண்ணழுத்த நோய் என இவ்வளவும் இந்த ஒரு உருண்டையால் நேரக்கூடியவை. ஆகவே கண்கவசம் இல்லாமல் யாரும் களத்தில் இறங்குவதில்லை. எந்தக் கண்கவசம் என்பதுதான் கேள்வி. எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்பதை மட்டுமே வைத்துக் கடைகள் பதில் சொல்கின்றன. அது பாதிப் பதில்தான். தாங்குதிறன் முதல் வடிகட்டல். அதில் தேறியவற்றுள், ஆட்டம் முடியும்வரை முகத்திலிருந்து கழற்றத் தோன்றாத கவசமே பாதுகாப்பானது.

முதல் வடிகட்டலைக் கணக்குப் போட்டே செய்யலாம். 0.20 கிராம் உருண்டை நொடிக்கு 350 அடி, அதாவது சுமார் 107 மீட்டர் வேகத்தில் வந்தால் அதன் ஆற்றல் 1.1 ஜூலுக்குச் சற்று அதிகம். ஜப்பானில் 2006-இல் திருத்தப்பட்ட சட்டம் 6 மி.மீ. துப்பாக்கிகளை 0.98 ஜூலுக்குள் நிறுத்துகிறது. பிரிட்டனின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ந்து சுடும் துப்பாக்கிக்கு 1.3 ஜூலும், ஒவ்வொன்றாகச் சுடுவதற்கு 2.5 ஜூலும் அனுமதிக்கிறது. அமெரிக்காவில் களம் நடத்துபவர்களே வரம்பு வைக்கிறார்கள். ஸ்னைப்பர் வகைக்கு நொடிக்கு 500 அடி வரை விடும் களங்கள் உண்டு, 0.20 கிராம் உருண்டைக்கு அது 2.3 ஜூல். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில காஸ் துப்பாக்கிகளில் உருண்டையின் எடை கூடினால் ஆற்றலும் கூடும். காலையில் 0.20 கிராம் உருண்டை போட்டு வேகம் அளந்து அனுமதி வாங்கிய துப்பாக்கி, பிற்பகலில் 0.36 கிராம் உருண்டையோடு அதே ஆற்றலில்தான் சுடுகிறது என்று நம்ப இடமில்லை.

இப்போது கவசங்களின் தரமுத்திரைக்கு வருவோம். அமெரிக்கத் தொழிலகத் தரமான இசட்87.1, ஒரு கிராமுக்குச் சற்றே அதிக எடையுள்ள 6.35 மி.மீ. எஃகுக் குண்டால் சோதிக்கிறது. சாதாரணக் கண்ணாடி வடிவில் இருப்பதை நொடிக்கு 45.7 மீட்டர் வேகத்திலும், முகத்தோடு பொருந்தும் காகிள்ஸை 76 மீட்டர் வேகத்திலும் அடித்துப் பார்க்கிறார்கள். முதலாவது சுமார் 1.1 ஜூல், இரண்டாவது சுமார் 3 ஜூல். இரண்டிலும் பொறிக்கப்படுவதோ அதே இசட்87+ முத்திரைதான். முத்திரை இருக்கிறதே என்று நம்பி மெல்லிய தொழிலகக் கண்ணாடியை வாங்குபவர், உண்மையில் தன்னை நோக்கி வரும் உருண்டையின் ஆற்றலுக்குச் சரிசமமான ஒன்றைத்தான் வாங்குகிறார். உபரியாக எதுவும் இல்லை. ஐரோப்பாவின் பழைய தரமான ஈ.என். 166 இதில் நேர்மையானது: 0.86 கிராம் எஃகுக் குண்டை நொடிக்கு 45 மீட்டரில் தாங்கினால் எஃப், 120 மீட்டரில் தாங்கினால் பி. கண்ணாடி வடிவில் உள்ளவை எஃபைத் தாண்ட முடியாது. எஃப் 0.9 ஜூல், பி 6 ஜூலுக்கு மேல். வில்லையில் ஒரு எழுத்தும் சட்டகத்தில் வேறொரு எழுத்தும் இருந்தால் இரண்டில் தாழ்ந்ததுதான் கணக்கு. அமெரிக்க ராணுவத்தின் 32432 எண் விதியில் கண்ணாடிகளே 7 ஜூல் அளவிலும், காகிள்ஸ் 15 ஜூல் அளவிலும் சோதிக்கப்படுகின்றன. பெயின்ட்பால் முகக்கவசங்களுக்கான எஃப்1776 தரம், 3 கிராம் பந்து நொடிக்கு 300 அடி வேகத்தில் பறக்கும் ஆட்டத்துக்காக எழுதப்பட்டது. அந்தப் பந்தின் ஆற்றல் 12 ஜூலைத் தாண்டும்.

எஃகு பிளாஸ்டிக்கைவிடக் கடினமானது, ஆகவே எஃகுக் குண்டைத் தாங்கிய வில்லை அதே ஆற்றலுள்ள பிளாஸ்டிக் உருண்டையை எளிதாகவே தாங்கும் என்று சிலர் வாதிடுவார்கள். அது உண்மைதான். ஆனால் சோதனையில் அடி வாங்குவது புத்தம்புது வில்லை. களத்தில் நிற்பது பலமுறை துடைத்துக் கீறல் விழுந்த, வெயிலில் கிடந்த, ஏற்கெனவே சில அடிகள் வாங்கிய வில்லை. எஃகுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வித்தியாசத்தை இந்தத் தேய்மானத்துக்கு விட்டுவிடுவதே முறை. எனவே 1 ஜூல் ஆட்டமானாலும் முத்திரையுள்ள காகிள்ஸ்தான் கீழ் எல்லை. 2 ஜூலைத் தாண்டும் களத்துக்கு ஐரோப்பிய பி, ராணுவத் தரம், பெயின்ட்பால் கவசம் ஆகிய மூன்றில் ஒன்று.

ராணுவத் தரக் கண்ணாடி 7 ஜூல் தாங்குமென்றால் அதையே போட்டுக்கொள்ளலாமே, காற்றோட்டமும் கிடைக்குமே என்று கேட்கலாம். அதன் வில்லையில் குறையில்லை. குறை ஓரங்களில் இருக்கிறது. கன்னத்துக்கும் வில்லையின் கீழ் விளிம்புக்கும் நடுவே, மூக்கின் இருபுறமும், நெற்றிப்பொட்டருகே, 6 மி.மீ. உருண்டை புகுவதற்கு வேண்டிய இடைவெளி பெரும்பாலான முகங்களில் இருக்கும். உருண்டை எப்போதும் எதிரேயிருந்து வருவதில்லை. சுவரில் பட்டுத் தெறிக்கும், மேல்தளத்திலிருந்து வரும், நாம் குனிந்து தோட்டா மாற்றும்போது பக்கவாட்டில் வரும். ராணுவத்தின் தேவை வெடிகுண்டுச் சிதறலை எதிர்கொள்வது. ஒருவர் முகத்தை நோக்கி வேண்டுமென்றே நூறு உருண்டைகள் சுடப்படும் ஆட்டத்துக்கு அந்தக் கண்ணாடி வடிவமைக்கப்படவில்லை. காதில் மாட்டும் கம்பி ஓடும்போது நழுவும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காகிள்ஸை வாங்குமுன் மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, சிரித்து, தலையை உலுக்கி, கண்ணாடியில் பார்க்க வேண்டும். எந்த அசைவிலும் அதன் ஃபோம் விளிம்பு தோலைவிட்டு விலகக் கூடாது. வாய்க்கவசமும் ஹெல்மெட்டும் அணிபவர் அவற்றோடு சேர்த்தே பார்க்க வேண்டும். தாடையை மூடும் கவசம் காகிள்ஸைக் கீழிருந்து தள்ளி மூக்கோரம் இடைவெளி உண்டாக்குவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

கம்பிவலைக் காகிள்ஸுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தில் வலு இருக்கிறது. வலையில் ஆவி படியாது. வில்லையில் ஆவி படிந்து எதிரே எதுவும் தெரியாமல் நிற்பவர் என்ன செய்வார்? ஒரு நொடிதானே என்று விரலால் தூக்கித் துடைப்பார். அந்த ஒரு நொடியில் அவர் கண்ணுக்கு முன்னால் எதுவுமே இல்லை. ஆகவே நல்ல வலை, மோசமான வில்லையைவிட மேல் என்கிறார்கள். ஆவியின் ஆபத்தை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. முழு உருண்டை வலையில் நின்றுவிடலாம். ஆனால் உள்ளே காற்றுக்குமிழியுள்ள மலிவான உருண்டை, சுவரிலோ அந்த வலையிலோ மோதி உடைந்தால், அதன் கூரிய துணுக்குகள் வலைக்கண்ணின் வழியே போகும். வெல்டிங் சரியில்லாத கம்பி விலகும், துருப்பிடிக்கும், அடி வாங்கி உள்வாங்கும். வலைக்கென்று ஈ.என். 1731 என்ற ஐரோப்பியத் தரம் இருந்தும், ஏர்சாஃப்ட் கடைகளில் தொங்கும் மலிவு ரகங்களில் எந்த முத்திரையையும் காண்பது அரிது. வலையைப் பல்லுக்கும் தாடைக்கும் வைத்துக்கொள்ளலாம், அங்கே அது நல்ல பொருள். கண்ணுக்கு வேண்டாம்.

அப்படியானால் ஆவிக்கு வழி? முகத்தின் வெப்பத்தில் ஈரமான காற்று, வெளிக்காற்றால் குளிர்ந்த வில்லையைத் தொடும்போது நீராகப் படிகிறது. இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்றை அடைத்த இரட்டை வில்லை, உள்தகட்டை முகத்தின் சூட்டுக்கு அருகிலேயே வைத்திருப்பதால் காரணத்தையே குறைக்கிறது. பெயின்ட்பால் கவசங்களில் இது பரவலாக உண்டு. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் வில்லையுள்ள காகிள்ஸிலும் சில மாடல்களில் கிடைக்கும். ஆவி எதிர்ப்புப் பூச்சு நீரைத் துளிகளாக விடாமல் மெல்லிய படலமாக்கிப் பார்வையைக் காக்கிறது. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் தேய்ந்துவிடும். பேட்டரி விசிறி வைத்தவை நன்றாகவே வேலை செய்கின்றன, பதுங்கியிருக்கும்போது அதன் ஓசை சிலருக்கு இடைஞ்சல். சென்னை, கொழும்பு போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களின் வானிலையில் ஆடுபவர் பணத்தைச் செலவிட வேண்டிய இடம் இரட்டை வில்லைதான். 6 ஜூல் தாங்குவதை விட்டு 15 ஜூல் தாங்குவதற்குக் கூடுதலாகக் கொடுப்பதில் அவருக்குப் பெரிய லாபமில்லை.

என் தேர்வைச் சொல்கிறேன். புதிதாக ஆடுபவருக்கும் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கும் பெயின்ட்பால் முழுமுகக் கவசம். கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் சாய்த்துக் குறிபார்ப்பது அதில் சிரமம் என்பது உண்மையான குறை. குறிபார்க்கும் கருவியை உயர்த்தி வைத்துக்கொண்டால் பாதி தீரும், மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம். பல்லும் காதும் சேர்ந்து தப்பிக்கின்றன. பழகியவருக்கு இரட்டை வில்லையுள்ள காகிள்ஸும் தனி வலை வாய்க்கவசமும். பார்வைக் கண்ணாடி அணிபவர் அதையே கவசமாகக் கருதக் கூடாது, சாதாரணப் பிளாஸ்டிக் வில்லை உடைந்து கண்ணுக்குள் போகும். கண்ணாடியின் மேல் அணியும்படி ஆழமாகச் செய்த காகிள்ஸோ, உள்ளே பவர் வில்லை பொருத்தும் வசதி உள்ளதோ வேண்டும்.

வாங்கியதை அருகில் வைத்துச் சுட்டுப் பார்ப்பது பலரிடம் பழக்கம். உடைந்தால் அது மோசம் என்று தெரியும். உடையாவிட்டால் அந்த ஓர் அடியை அந்த இடத்தில் தாங்கியது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. சுட்ட வில்லையை அணியவும் கூடாது, பாலிகார்பனேட்டில் நுண்விரிசல் கண்ணுக்குத் தெரிவதில்லை. களத்தில் அருகிலிருந்து அடி வாங்கிய வில்லைக்கும் இதே விதி. அசிட்டோன், அம்மோனியா கலந்த துடைப்புத் திரவங்கள் பாலிகார்பனேட்டைப் பலவீனமாக்கும்; மிதமான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். வில்லையை மாற்ற வேண்டிய நாள் நிச்சயம் வரும் என்பதால், மாற்று வில்லை தனியாகக் கிடைக்காத மாடலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.