ஊசி நூல் இல்லாத கழுத்துத் துண்டு

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மலேசியாவில் கழுத்துத் துண்டு அன்றாட உடை அன்று. ஆயினும், கேமரன் மலையில் இரவைக் கழிப்போரும் குளிர்நாடுகளுக்கு மேற்கல்வி பயிலச் செல்வோரும் முதலில் தேடும் பொருள்களுள் அதுவும் ஒன்று. குளிர்காற்று சட்டைக் கழுத்தின் வழியே உள்ளே புகுந்துவிட்டால், தடித்த மேலாடையும் முழுப் பயனைத் தராது. கடையில் விலை கொடுத்து வாங்கும் இந்தத் துண்டை ஃபிளீஸ் துணியைக் கொண்டு வீட்டிலேயே செய்துவிடலாம். அதற்குத் தையல் இயந்திரம் தேவையில்லை. ஊசியும் நூலும்கூட வேண்டியதில்லை.

ஃபிளீஸ் என்னும் ஆங்கிலச் சொல் ஆட்டின் உடலிலிருந்து கத்தரித்தெடுக்கும் உரோமத்தைக் குறிக்கும். ஆனால், கடைகளில் அப்பெயரில் விற்கப்படும் மென்மையான துணிக்கும் ஆட்டுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. அது பாலியெஸ்டர் இழையால் பின்னப்பட்ட செயற்கைத் துணி. பின்னி முடித்த துணியின் மேற்பரப்பை நுண்ணிய கம்பிகள் பதித்த உருளைகள் வாரி விடுகின்றன. அப்போது இழைகள் மேலெழுந்து பஞ்சுபோல் நிற்கின்றன. பின்னர், அவை ஒரே உயரத்தில் கத்தரிக்கப்படுகின்றன. இந்த இழைகளுக்கிடையே காற்று தங்குகிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலால், உடலின் வெப்பம் விரைவில் வெளியேறுவதில்லை. மேலும், பாலியெஸ்டர் மிகக் குறைந்த அளவு நீரையே உறிஞ்சுவதால் நனைந்த துணியும் விரைவில் உலர்ந்துவிடுகிறது.

இத்துணி 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மால்டன் மில்ஸ் என்னும் ஆலையில் உருவாக்கப்பட்டது. 1995 டிசம்பர் 11-ஆம் நாள் இரவு அவ்வாலையில் பெருந்தீ மூண்டது. பலர் காயமுற்றனர்; கட்டடங்கள் பல எரிந்து சாம்பலாயின. ஆலையை மூடிவிடுவார்கள் என்று தொழிலாளர்கள் அஞ்சினர். ஆனால், உரிமையாளர் ஆரன் ஃபியூர்ஸ்டீன் அதே ஊரில் ஆலையை மீண்டும் கட்டினார். கட்டுமானம் நடந்த தொடக்க மாதங்களில் வேலையின்றி இருந்த தொழிலாளர்களுக்கும் ஊதியம் வழங்கினார். பின்னாளில் கடன்சுமையால் அந்நிறுவனம் 2001-இல் நொடித்துப்போனது. எனினும், அவர் எடுத்த முடிவு இன்றும் வணிகவியல் வகுப்புகளில் விவாதிக்கப்படுகிறது.

ஃபிளீஸ் கழுத்துத் துண்டைத் தைக்க வேண்டியதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. பருத்திச் சட்டைத்துணி போன்றவை குறுக்கும் நெடுக்குமாக நெய்யப்பட்டவை. அவற்றை வெட்டினால் ஓரத்திலிருந்து நூல் பிரியும். எனவே, ஓரத்தை மடித்துத் தைக்கிறோம். ஃபிளீஸோ கண்ணி கண்ணியாகப் பின்னப்பட்டது. அதை வெட்டினாலும் ஓரம் எளிதில் பிரிவதில்லை. வெட்டிய நிலையிலேயே அதை அணியலாம்.

ஃபிளீஸ் துணி பெரும்பாலும் 150 சென்டிமீட்டர் அகலத்தில் கிடைக்கும். கடையில் 30 சென்டிமீட்டர் நீளம் மட்டும் வாங்கினால் போதும். துணியின் அகலமே கழுத்துத் துண்டின் நீளமாகிவிடும். 120 சென்டிமீட்டர் வாங்கினால் ஒரே அளவில் நான்கு துண்டுகள் கிடைக்கும். கத்தரிக்கோல், அளவுகோல், தையற்காரர் பயன்படுத்தும் சாக்குக்கட்டி ஆகிய மூன்றுமே தேவையான கருவிகள்.

முதலில், துணியை மேசைமீது சுருக்கமின்றி விரிக்க வேண்டும். இரு முனைகளிலும் உள்ள தடித்த கரைப் பகுதியை வெட்டி நீக்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு முனையிலிருந்தும் 10 சென்டிமீட்டர் தள்ளி, சாக்குக்கட்டியால் ஒரு குறுக்குக்கோடு வரைய வேண்டும். முனையிலிருந்து அக்கோடுவரை, 1.5 சென்டிமீட்டர் இடைவெளியில் நேராக வெட்டிக்கொண்டே வந்தால் குஞ்சம் உருவாகும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டில் 19 முறை வெட்டினால் 20 இழைகள் கிடைக்கும். கோட்டைத் தாண்டி வெட்டிவிட்டால் குஞ்சம் ஏற்றத்தாழ்வாகத் தோன்றும். விரும்பினால் அடுத்தடுத்த இரண்டு இழைகளைச் சேர்த்து முடிச்சிடலாம். கத்தரிக்கோல் கூர்மையாக இருப்பது அவசியம். மழுங்கிய கத்தரிக்கோல் துணியை மென்று, ஓரத்தைக் கெடுத்துவிடும்.

செய்து முடித்த துண்டைப் பயன்படுத்துவதிலும் கவனம் வேண்டும். பாலியெஸ்டர் சூட்டில் உருகும் தன்மையுடையது. ஆதலால், சூடான இஸ்திரிப்பெட்டியை அதன்மீது வைக்கக்கூடாது. அடுப்பு, மெழுகுவர்த்தி ஆகியவற்றின் அருகில் அதை அணிந்து செல்லவும் கூடாது. சிறு குழந்தைகள் நீண்ட துண்டை அணிந்து விளையாடினால் அது சறுக்குமரம், ஊஞ்சல் போன்றவற்றில் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடும்.

இத்துணியைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. பயன்படுத்திய நெகிழிப் புட்டிகளை உருக்கி, இழையாக்கி, ஃபிளீஸ் தயாரிக்கும் முறை 1990-களில் பரவியது. குப்பைக்குப் போக வேண்டிய புட்டி ஆடையாக மாறுவது நன்மையே. ஆனால், ஃபிளீஸைத் துவைக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிழைகள் உதிர்ந்து நீரில் கலக்கின்றன. ஓர் ஆடையை ஒரு முறை துவைத்தால் 1,900-க்கும் மேற்பட்ட இழைகள் வெளியேறலாம் என்று 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இவ்விழைகளில் ஒரு பகுதி ஆறுகளையும் கடலையும் சென்றடைகிறது. அவை மட்குவதில்லை, கடல்வாழ் உயிரினங்கள் அவற்றை உணவுடன் சேர்த்து விழுங்குகின்றன.

இதனால் ஃபிளீஸை அறவே ஒதுக்கிவிட வேண்டுமா? அளவோடு பயன்படுத்துவதே பொருத்தமான வழி. கழுத்துத் துண்டு மேலாடைக்கு வெளியே அணியப்படுவதால் விரைவில் அழுக்காவதில்லை. தேவைப்படும்போது மட்டும், குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைத்தால் உதிரும் இழைகளின் அளவு குறையும். புதிய துணி வாங்குவதற்கு முன், வீட்டில் பயனற்றுக் கிடக்கும் ஃபிளீஸ் போர்வை உள்ளதா எனப் பார்க்கலாம். ஒரு போர்வையிலிருந்தே பல துண்டுகள் வெட்டலாம். மிஞ்சும் வெட்டுத்துணிகளைத் தலையணைக்குள் திணித்துக்கொள்ளலாம்.

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளின் சில நகரங்களில், குளிர்காலம் தொடங்கியதும் தன்னார்வலர்கள் இத்தகைய துண்டுகளைச் செய்து பூங்கா மரங்களிலும் விளக்குக் கம்பங்களிலும் கட்டி வைக்கின்றனர். குளிரில் வாடுவோர் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்னும் சிறு குறிப்பும் அவற்றில் இணைக்கப்பட்டிருக்கும். வீடற்று வீதியில் உறங்கும் ஒருவர், கைநீட்டிக் கேட்கும் கூச்சமின்றி அதை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்கிறார். ஒரு முழத்திற்கும் குறைவான துணியும் அரைமணி நேர உழைப்பும் அவருக்கு அன்றிரவுக் குளிரைத் தாங்க உதவுகின்றன.