பள்ளி எல்லையும் நடைத் தொலைவும்

எந்தக் குடியிருப்பின் குழந்தைகளுக்கு எந்தப் பள்ளி என்று வரையறுப்பது, மேலோட்டமாக நோக்குவோர்க்கு எளிய அலுவலகப் பணியாகவே தோன்றும். எனினும், அந்த எல்லை மாற்றப்படும்போதெல்லாம் ஊர்களில் எதிர்ப்பு எழுகிறது. வழக்குகள் நீதிமன்றம் வரை செல்கின்றன. இப்பூசல்களின் பொருளாதார அடிப்படையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டம் வகுத்த தொலைவு

1964-66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஒரு வட்டாரத்துக் குழந்தைகள் அனைவரும் சாதி, சமய, பொருளாதார வேறுபாடின்றி ஒரே பள்ளியில் பயில வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அண்மைப் பள்ளியை அரசின் கடமையாக்கிற்று. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு 1 கிலோமீட்டரும், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டரும் நடக்கத்தக்க தொலைவென மத்திய அரசின் 2010ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. வெள்ளம், நிலச்சரிவு, சாலையின்மை போன்ற இடர்கள் உள்ள இடங்களில் இத்தொலைவு குறைக்கப்படலாம்.

இணைப்பின் கணக்கு

2016-17ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டில் 30க்கும் குறைவான மாணவர்களே இருந்தனர்; ஓராசிரியர் பள்ளிகள் 1,08,017 இருந்தன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இவற்றைச் சுட்டிக்காட்டியுள்ளது. ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்தும்போது கல்வித் தரம் குன்றுவது இயல்பே. ஆதலால், சிறு பள்ளிகளை இணைக்கும் வாதத்தைப் புறக்கணிக்க இயலாது.

ஆயினும், இவ்வாதம் அரசின் செலவை மட்டுமே கணக்கில் கொள்கிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இணைப்பினால் ஒரு குழந்தை ஒரு வழிக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாக நடக்க நேர்கிறது எனக் கொள்வோம். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், போக வர நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுகிறது. தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் விதித்துள்ள 200 வேலை நாட்களில் இது 200 மணி நேரமாகிறது. அதே வகுப்புகளுக்கு விதிக்கப்பட்ட ஆண்டுக் கற்பித்தல் நேரமோ 800 மணி. கற்கும் நேரத்தில் கால் பங்குக்கு ஈடான நேரம் கூடுதல் நடைக்கே செலவாகிறது. உடன் செல்லும் தாய் இழக்கும் கூலி இக்கணக்கில் சேரவில்லை. அரசு மிச்சப்படுத்தும் செலவின் ஒரு பகுதி இவ்வாறு ஏழைக் குடும்பத்தின் தலையில் ஏறுகிறது.

பூசல்கள் புகட்டும் பாடம்

2014இல் இராஜஸ்தானில் ஆயிரக்கணக்கான பள்ளிகள் இணைக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பகுதி பின்னர் மீண்டும் பிரிக்கப்பட்டன. 2025 ஜூனில் உத்தரப் பிரதேச அரசு, மாணவர் குறைந்த பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளுடன் இணைக்க ஆணையிட்டது. இதை எதிர்த்துச் சீதாப்பூர் மாவட்டக் குழந்தைகள் தொடுத்த வழக்கை அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஜூலையில் தள்ளுபடி செய்தார். அதே மாதம், மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அம்மாவட்டத்தில் அன்றிருந்த நிலையே தொடருமாறு ஆணையிட்டது.

நிலப்படத்தில் ஒரு கிலோமீட்டராகத் தோன்றுவது, நடுவே ஓடையோ நெடுஞ்சாலையோ இருப்பின் வேறாகிவிடும். தம் குழந்தைகள் மற்றொரு சாதியினரின் தெரு வழியே செல்ல வேண்டியிருக்கும் என்பதும் பல குடும்பங்களின் கவலை. சமூக, பண்பாட்டுக் காரணங்களால் குழந்தைகள் பள்ளிக்குச் செல்வது தடைப்படலாகாது என விதிகளே வற்புறுத்துகின்றன. இத்தகைய செய்திகள் புள்ளிவிவரப் பட்டியலில் இடம்பெறுவதில்லை, பெற்றோரிடமே உள்ளன.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் கருத்தை ஆணை பிறப்பிக்கும் முன்னரே பெறுதல் வேண்டும். இரண்டாவதாக, தொலைவைக் குழந்தை நடக்கும் பாதையிலேயே அளத்தல் வேண்டும். மூன்றாவதாக, ஊர்தி வசதி செய்து முடித்த பின்னரே பழைய பள்ளியை மூட வேண்டும். அதற்கான செலவை இணைப்புத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்தல் வேண்டும். அச்செலவையும் சேர்த்த பின்னரும் இணைப்பு ஆதாயமானதெனில், அதனை ஊராரிடம் எடுத்துரைப்பது கடினமன்று. ஆதாயமில்லையெனில், அச்சிறு பள்ளிக்கு இன்னோர் ஆசிரியரை அனுப்புவதே சிக்கனமான வழியாகும்.