புள்ளிக்கோலத்தில் கணக்குப்புதிர்

முன்னுரை

தமிழரின் கணக்குப்புதிர் மரபை ஆராய்வோர் பெரிதும் ஏட்டுச்சுவடிகளையே சான்றாகக் கொள்வர். அவற்றுள் குறிப்பிடத்தக்கது காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம். பலாப்பழத்தைப் பிளவாமலே சுளைகளின் தொகையை அறியும் வழியை அந்நூல் கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முட்கள் 100 எனின் சுளைகள் 120. ஏட்டில் ஏறாத புதிர்களும் உள. மகளிர் வாசலில் இடும் புள்ளிக்கோலத்தில் அமைந்த அத்தகைய எண்ணறிவை இக்கட்டுரை ஆராய்கிறது.

களமும் மரபும்

திருவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாளின் நாச்சியார் திருமொழி, தைத் திங்களில் தரையைத் தூய்மைசெய்து மண்டலம் இடுதலையும், நுண்மணலால் தெருவை அணிசெய்தலையும் முதற்பதிகத்திலேயே குறிப்பிடுகிறது. புள்ளி பற்றிய குறிப்பு அதில் இல்லை எனினும், தரையை அணிசெய்யும் வழக்கின் தொன்மைக்கு அது சான்றாகிறது. அண்டை ஊரான இராசபாளையத்தில் தெலுங்கு பேசும் இராஜுக்களும் வாழ்கின்றனர். தெலுங்கில் கோலத்திற்கு ‘முக்கு’ என்று பெயர். பெயர் வேறாயினும் புள்ளிக்கணக்கு ஒன்றே.

புதிரும் விடையும்

‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்பது கோலம் கற்பிப்போர் கூறும் வாய்பாடு. நடுவரிசையில் 15 புள்ளிகள். இருபுறமும் வரிசைக்கு ஒன்றாகக் குறைந்து 8இல் முடியும். மொத்தப் புள்ளிகள் எத்தனை? சிறுவர் வரிசை வரிசையாகக் கூட்டி 169 என்பர். புள்ளி வைக்காமலே விடை காண்பது பெரியோர்க்குரிய புதிர்.

கோலம் 8இல் நில்லாது 1 வரை சென்றதாகக் கொள்க. மேற்புறத்து 1ஐக் கீழ்ப்புறத்து 14உடனும், 2ஐ 13உடனும் இவ்வாறே இணைத்தால் ஒவ்வோர் இணையும் 15 ஆகும். இணைகள் 14, நடுவரிசை ஒன்று. ஆகவே தொகை 15×15=225. இதில், இடாது விட்ட 1 முதல் 7 வரையுள்ள வரிசைகள் இருபுறமும் சேர்ந்து 7×8=56. அதனைக் கழிக்க 169 கிடைக்கும். ‘7 புள்ளி, 4 வரை’ எனின் 49–12=37.

169 என்பது 13×13. எனவே, 13 வரிசையில் 13 நேர்ப்புள்ளி வைத்த சதுரக் கோலத்திற்கும் அறுகோணமாய் அமையும் இவ்விடைப்புள்ளிக் கோலத்திற்கும் புள்ளித்தொகை ஒன்றே. இரண்டையும் அருகருகே கண்டோர் இதனை எளிதில் ஒப்பார். அதுவே புதிரின் சுவை.

முடிவுரை

பலாச்சுளைக் கணக்கு பட்டறிவால் வந்த மதிப்பீடு; பழத்திற்குப் பழம் அது மாறலாம். கோலப்புள்ளிக் கணக்கோ எவ்வெண்ணுக்கும் பொருந்துமாறு நிறுவத்தக்கது. 1974இல் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களோடு பொருத்தி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். தமிழாய்வும் கணித வரலாற்றை ஏட்டளவில் நிறுத்துமாயின், காலைதோறும் வரையப்பட்டு மாலைக்குள் அழியும் மகளிரின் எண்ணறிவு அவ்வரலாற்றில் இடம்பெறாது போகும். கணக்கதிகாரத்தோடு கோலவாய்பாடுகளையும் ஒருங்கே தொகுத்தல் இன்றியமையாதது என்பது இவ்வாய்வின்வழிப் பெறப்படுகிறது.