காஞ்சியிலிருந்து கணவாய் பார்க்கப் போகிறவர்களுக்கு

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லாமல் போனது. மாமல்லபுரமும் கோவளமும் அந்தப் பக்கம் போய்விட்டன. வரைபடம்தான் மாறியது, தூரம் மாறவில்லை. கணவாய் என்னும் கடலுயிரியைப் பார்க்கும் பழக்கத்தை இன்றும் அங்கேதான், மணலில், தொடங்க வேண்டும்.

அலை ஒதுக்கிய குப்பையில் வெள்ளையாக, நீள்வட்டமாக, கையில் எடுத்தால் எடையே தெரியாத ஓடு கிடக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பது இதைத்தான். ஓட்டுக் கணவாயின் முதுகுக்குள் இருந்தது. உடைத்தால் மெல்லிய அடுக்குகளும் இடையே சின்னச் சின்ன அறைகளும் தெரியும். அவற்றில் நீரையும் காற்றையும் கூட்டிக் குறைத்துத்தான் அது நினைத்த ஆழத்தில் நிற்கிறது. ஓடு வெகுதூரம் மிதந்து வரும் என்பதால், கிடந்த இடத்துக்கு நேரே கணவாய் இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்து, விடிகாலையில் படகு கரையேறும்போது போங்கள். “அண்ணே, கொஞ்சம் பார்த்துக்கிறேன்” என்று கேட்டால் யாரும் விரட்டமாட்டார்கள். புதிதாகப் பிடித்த கணவாயின் தோலில் பழுப்புப் புள்ளிகள் சிறிது நேரம் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு நிறப் பை. சுற்றியுள்ள தசை இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். அதற்கு அடியில் ஒளியைத் திருப்பி அனுப்பும் அடுக்கு ஒன்று உண்டு. மயில்கழுத்துப் பட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உயிரோடு பார்க்க நீருக்குள் இறங்கியாக வேண்டும். மாமல்லபுரக் கரையிலிருந்து நீங்களாக இறங்காதீர்கள். இழுப்பு பொல்லாதது, தண்ணீரும் பெரும்பாலும் கலங்கல். புதுச்சேரியில் பயிற்றுநரோடு முக்குளிக்க வசதி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு போவது நல்லது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறையிடம் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது. முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

கீழே போனதும் பாறையும் மணலும் சேரும் விளிம்பைத் துழாவுங்கள். உடலைத் தேடினால் கிடைக்காது, அது பாறையாகவே மாறியிருக்கும். கண்ணைத் தேடுங்கள்: அலைபோல் வளைந்த கருமணி. அல்லது உடல் ஓரம் முழுக்க நெளிந்துகொண்டிருக்கும் துடுப்பு.

கண்டதும் நெருங்காதீர்கள். இரண்டு மீட்டர் தள்ளி, அதன் மட்டத்திலேயே, கையை ஆட்டாமல் நில்லுங்கள். உடல் சட்டென வெளுத்துத் தட்டையாகி இரண்டு கரும்புள்ளிகள் தோன்றினால் உங்களை மிரட்டுகிறது என்று பொருள். பின்வாங்குங்கள். அதற்கும் மேலே போனால் மையைப் பீச்சிவிட்டு மறைந்துவிடும். பலர் இந்த மிரட்டலைப் படம் பிடித்துவிட்டு, கணவாயின் இயல்பைப் பார்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அது நம்மால் வந்த கலவரம். பார்க்க வேண்டியது, அது நம்மைப் பொருட்படுத்தாமல் விட்ட பிறகு நடப்பதை.

அப்போது இரை தேடும். நேருக்கு நேர் திரும்பி, முன்கைகளை உயர்த்தி, மெல்ல நகரும். எட்டுக் கைகளுக்குள் ஒளித்து வைத்திருக்கும் இரண்டு நீளக் கைகள் பாய்ந்து போய்த் திரும்புவதைக் கண் பிடிக்காது. வீடியோவை மெதுவாக ஓட்டித்தான் பார்க்க வேண்டும். நம் கடலிலும் உள்ள செப்பியா ஃபாரோனிஸ் என்ற பெரிய இனம், கைகளை மடக்கி அசைத்துத் துறவி நண்டு போல் நடிப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017-இல் எழுதினார்கள். ஆணின் உடலில் வரிக்குதிரைக் கோடுகள் ஓடினால் பக்கத்தில் பெண்ணோ போட்டியாளனோ இருக்கும்; சுற்றிலும் பாருங்கள். பாறை இடுக்கில் வெள்ளைத் திராட்சைக் கொத்தாகத் தொங்குபவை முட்டைகள். தொடாதீர்கள்.

மேலே வந்த உடனே நேரம், ஆழம், தோலின் கோலம், அப்போது செய்த காரியம் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். நிறத்தை நம்பி எழுத வேண்டாம். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிவிடும். வரியா, புள்ளியா, திட்டா என்று குறித்தால் போதும். இத்தனை வண்ணம் காட்டும் கணவாய்க்கே நிறக் குருடு!